கேம்பர் வேன் பேட்டரி சுடுகிறதா? வெயிலைத் திட்டும் முன் எந்த இடம் சுடுகிறது என்று பாருங்கள்

போன வருடம் கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தபோது குடும்பத்தோடு வேனில் பாண்டிச்சேரிக்குக் கிளம்பினோம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிராவலர் வண்டி. உள்ளே கட்டில், சின்ன ஃபிரிட்ஜ், 1000 வாட் இன்வெர்ட்டர், கட்டிலுக்கு அடியில் பிளைவுட் பெட்டியில் 150 ஏஎச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் ரக லெட் ஆசிட் பேட்டரி 2. கோவளம் தாண்டும்போதே பின்னாலிருந்து என் மகள், "அப்பா, அழுகின முட்டை நாத்தம் வருது" என்றாள். எல்லோரும் சாப்பாட்டுக் கூடையைத்தான் சந்தேகப்பட்டோம். மாமல்லபுரம் நெருங்குவதற்குள் கண் எரிய ஆரம்பித்தது. ஒரு சவுக்குத் தோப்பு ஓரம் நிறுத்தி, கட்டில் பலகையைத் தூக்கினால் அனல் முகத்தில் அடிக்கிறது. ஒரு பேட்டரியின் பக்கவாட்டுச் சுவர் நன்றாக உப்பியிருந்தது, மூடி ஓரமெல்லாம் ஆசிட் பொங்கிய ஈரம். அதே பெட்டியில், அதே வெயிலில், ஒட்டி உட்கார்ந்திருந்த இன்னொரு பேட்டரி வெதுவெதுப்பாக இருந்ததோடு சரி.

ஊர் திரும்பி, வாங்கிய கடையில் கேட்டதற்கு "சென்னை வெயிலுக்கு அப்படித்தான் சார் இருக்கும்" என்றார்கள். வெயில்தான் காரணம் என்றால் இரண்டுமே சுட்டிருக்க வேண்டும், இல்லையா? வெயில் பேட்டரியைக் கெடுக்கிறது என்பது உண்மைதான், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு. ஆனால் உப்பிப்போகும் அளவுக்குச் சுடுகிறது என்றால் அந்தச் சூட்டில் பெரும்பகுதியை நம் ஒயரிங்கோ, சார்ஜரோ, செத்துப்போன ஒரு செல்லோதான் உண்டாக்குகிறது. அதில் எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, சூடு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பது.

இதற்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று போதும். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய துப்பாக்கி வேலைக்கு ஆகாது, அது உடம்புச் சூட்டை அளக்க மட்டும்தான். மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, பளபளப்பான உலோகத்தின் மேல் அடித்தால் அது உண்மையான சூட்டைக் காட்டாது, குறைத்துக் காட்டும். டெர்மினல் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் அடியுங்கள். ஃபிரிட்ஜும் இன்வெர்ட்டரும் அரை மணி நேரம் ஓடியபின் ஒரு தடவை, சார்ஜ் ஏறும்போது ஒரு தடவை என்று அளந்து, டெர்மினல், பேட்டரி உடம்பு, கேபிள் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பெட்டிக்குள் கை விடும் முன் மோதிரம், வாட்ச், கைச்செயின் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் ஸ்பானரோ மோதிரமோ இரண்டு டெர்மினலையும் தொட்டுவிட்டால் விரல் வெந்துவிடும்.

டெர்மினல் மட்டும் சுட்டு, உடம்பு சாதாரணமாக இருந்தால் பேட்டரி மேல் குற்றமில்லை, ஜாயிண்ட் லூஸ். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில் ஓடினால், அதன் நஷ்டத்தையும் சேர்த்து, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 90, 100 ஆம்பியர் வரை இழுக்கும். அந்த ஜாயிண்டில் வெறும் 5 மில்லி ஓம் தடை இருந்தாலும் 50 வாட் அங்கேயே சூடாக மாறுகிறது. ரேடியோ மெக்கானிக் கையில் இருக்கும் சோல்டரிங் அயர்ன் அளவுச் சூடு, ஈயத் தூண் மேல், விடாமல்! சில வண்டிகளில் டெர்மினலைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகிக் குழிந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

சரி செய்வது சுலபம். முதலில் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ் என்று கழற்றுங்கள். உப்புத்தாள் வைத்து டெர்மினலையும், கேபிள் நுனியில் இருக்கும் உலோக வளையமான லக்கையும் பளிச்சென்று தேய்த்துவிட்டு, லக்கின் முகம் நேரடியாக ஈயத்தின் மேல் உட்காரும்படி வையுங்கள். வாஷரை லக்குக்கு அடியில் போடாதீர்கள், இந்தத் தப்பை அனுபவசாலிகளே செய்கிறார்கள், கரண்ட் முழுவதும் அந்த இரும்புத் துண்டு வழியாகப் போகவேண்டி வருகிறது. வாஷரும் ஸ்பிரிங் வாஷரும் லக்குக்கு மேலேதான். டைட் பண்ணிய பிறகு வாஸ்லின் தடவுங்கள், முன்னால் அல்ல. பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர் என்று கடலோரம் வண்டி நிறுத்துபவர்களுக்கு டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும், சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும், கரைசல் செல்லுக்குள் இறங்காமல் மூடிகளை இறுக்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் லோடு ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை ஈயத் தூண் மேலும், மறுமுனையை லக் மேலும் வையுங்கள். 0.05 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மறுபடி கழற்றித் தேய்க்க வேண்டும்.

கேபிள் நீளம் முழுக்கச் சுட்டால் அது மெல்லிசு. 100 ஆம்பியருக்கு 35 ஸ்கொயர் எம்எம் செம்பு கேபிள் போட்டு, இன்வெர்ட்டரை முடிந்தவரை பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். செம்பு பூசிய அலுமினியத்தைச் செம்பு என்று விற்பதும் நடக்கிறது. ஒரு இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், அந்தக் கேபிளை வாங்காதீர்கள். பாசிட்டிவிலிருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருந்தாக வேண்டும். சோலார் வழியிலோ சார்ஜர் வழியிலோ ஃபியூஸ் இல்லாத வண்டிகள் நிறைய ஓடுகின்றன, தயவுசெய்து இன்றைக்கே பாருங்கள்.

இப்போது பேட்டரி உடம்பு முழுக்கச் சுடும் விஷயம். லோடு இல்லாமல் சார்ஜ் ஏறும்போது சுடுகிறது என்றால் சார்ஜ் வோல்டேஜ் அதிகம், அல்லது ஆம்பியர் அதிகம். சென்னைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இதுதான். சார்ஜரில் எழுதியிருக்கும் 14.4 வோல்ட் என்பது 25 டிகிரிக்கான கணக்கு. நம் ஊரில் 25 டிகிரி மார்கழி விடியற்காலையில்தான் வரும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது, அது நிழலில் அளந்த காற்றின் சூடு, மூடிய வேனுக்குள் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டி அதைவிட மோசம். பேட்டரி சூடாக ஆக, அதே வோல்டேஜுக்கு அது கூடுதல் கரண்டை இழுக்கும், கூடுதல் கரண்ட் அதை இன்னும் சூடாக்கும், அது இன்னும் இழுக்கும். இந்தச் சுழலில்தான் பேட்டரி கொதித்து உப்புகிறது. அதனால் லெட் ஆசிட் பேட்டரிக்கு 25-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.024 வோல்ட் குறைக்க வேண்டும். பேட்டரி 42 டிகிரியில் இருந்தால் 14.4 என்பது 14.0 ஆகவும், பேட்டரி நிறைந்த பிறகு தொடர்ந்து கொடுக்கும் ஃப்ளோட் வோல்டேஜ் 13.6 என்பது 13.2 ஆகவும் இறங்க வேண்டும். நல்ல சார்ஜர், சோலார் கரண்டைச் சீராக்கி பேட்டரிக்கு அனுப்பும் நல்ல எம்பிபிடி கன்ட்ரோலர் இதைத் தானே செய்யும், ஆனால் அதன் கூட வரும் டெம்பரேச்சர் சென்சார் ஒயரை நாம் பேட்டரியில் ஒட்டியிருக்க வேண்டுமே! அந்த ஒயரைப் பிரிக்காமல் டப்பாவிலேயே வைத்திருப்பவர்கள்தான் அதிகம். அதை எடுத்து, பேட்டரியின் பக்கச் சுவரில், நடு உயரத்தில், டேப் போட்டு ஒட்டுங்கள். சென்சார் இல்லாத சார்ஜர் என்றால் சித்திரை வைகாசியில் கையால் செட்டிங்கைக் குறைத்து, ஐப்பசியில் ஏற்றிக்கொள்ளலாம், நான் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஆம்பியரைப் பொறுத்தவரை, டியூபுலருக்கு அதன் ஏஎச்சில் பத்தில் ஒரு பங்கு நிம்மதியான அளவு, அதாவது 150-க்கு 15 ஆம்பியர். பேட்டரி உடம்பு 50 டிகிரியைத் தொட்டால் சார்ஜை நிறுத்தி ஆறவிட வேண்டும். சார்ஜரில் 'ஈக்வலைஸ்' என்று ஒரு மோட் இருக்கும், 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும். சீல் வைத்த பேட்டரிக்கு அதைப் போடவே கூடாது.

இரண்டில் ஒன்று மட்டும் சுட்டால், எங்கள் கதைதான். 12 வோல்ட் பேட்டரிக்குள் 6 செல். ஒன்று ஷார்ட் ஆகிவிட்டால் மீதி 5 மட்டும் உழைக்கும், ஆனால் சார்ஜருக்கு அது தெரியாது, அது 14.4 வோல்ட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வழக்கமாக செல்லுக்கு 2.4 வோல்ட் வாங்கியவை இப்போது 2.88 வாங்குகின்றன, கொதிக்காமல் என்ன செய்யும்? போதாததற்குப் பக்கத்தில் பேரலலில் (பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ்) இருக்கும் நல்ல பேட்டரியும் தன் கரண்டை இதற்குள் கொட்டுகிறது. சோதிப்பது எப்படி? இரண்டையும் பிரித்து, சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் நல்லது 12.6, 12.7 காட்டும், செல் செத்தது 10.5 பக்கம் நிற்கும். மாதம் ஒரு முறை, ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் விட்டு ஒவ்வொரு செல்லாகப் பார்த்தால் இன்னும் முன்பே தெரியும், 5 செல் 1.240 காட்டி ஒன்று மட்டும் 1.150 என்றால் அதன் நாள் முடிந்தது. ஒன்றை மட்டும் புதிதாக வாங்கி பழையதோடு சேர்க்க ஆசை வரும், செலவு மிச்சம் என்று தோன்றும். வேண்டாம், பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும். ஜோடியாக மாற்றுங்கள். கேபிள் எடுக்கும்போது பாசிட்டிவை முதல் பேட்டரியிலிருந்தும் நெகட்டிவைக் கடைசி பேட்டரியிலிருந்தும், குறுக்காக எடுங்கள், அப்போதுதான் இரண்டும் சமமாக உழைக்கும்.

செல் ஏன் செத்தது என்று யோசித்தால் என் தவறு தெரிந்தது. மார்ச்சிலிருந்து தண்ணீர் அளவைப் பார்க்கவே இல்லை. வெயில் காலத்தில் மாதம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும், டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். கேன் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் எதுவும் வேண்டாம், போர் தண்ணீர் பேச்சுக்கே இடமில்லை. முழு சார்ஜ் ஆன பிறகு நிரப்புங்கள். பிளேட் வெளியே தெரிகிறது என்றால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முன்பே கொஞ்சம் விடலாம்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு மாறியவர்களுக்குத் தண்ணீர்க் கவலை கிடையாது, வேறு கவலை உண்டு. பொதுவாக 45 டிகிரிக்கு மேல் அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்டான பிஎம்எஸ் துண்டித்துவிடும், மத்தியானம் சோலார் ஏறவில்லை என்று கடைக்கு ஓடுகிறார்கள், பெட்டியைத் திறந்து காற்று விட்டால் தானே ஏறும். பிஎம்எஸ்சை பைபாஸ் செய்து தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்ஜின் சுழற்றி கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து ரிலே வழியாக நேரடியாகச் சார்ஜ் கொடுப்பதும் தப்பு, லித்தியம் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கும், ஆல்டர்னேட்டர் வெந்துபோகும், நடுவில் கரண்டைக் கட்டுப்படுத்தும் டிசி டிசி சார்ஜர் வேண்டும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் லித்தியத்தைப் பாதி சார்ஜில் விடுங்கள், லெட் ஆசிட்டையோ முழு சார்ஜில் விட வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்தால் இரண்டும் கெடும்.

பெட்டி விஷயத்தில் பிளைவுட்டை நம்பாதீர்கள். பேட்டரிகளுக்கு நடுவே ஒரு இஞ்ச் இடைவெளி, கீழே ஒரு துளை, மேலே ஒரு துளை, இரண்டும் வண்டிக்கு வெளியே திறக்க வேண்டும். லெட் ஆசிட் சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், நாம் தூங்கும் கட்டிலுக்கு அடியில் அது தேங்கவே கூடாது. நிறுத்தும்போது பேட்டரி இருக்கும் பக்கம் மேற்கு வெயில் படாமல் பாருங்கள்.

வழியில் சூடு பிடித்துவிட்டால் முதலில் இன்ஜினை அணைத்து, எல்லோரையும் இறக்கி, கதவு ஜன்னலெல்லாம் திறந்து சில நிமிடம் காற்று விடுங்கள். அப்புறம்தான் சோலார் பேனல் பிரேக்கரையும் இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். சிகரெட், லைட்டர் பக்கத்திலேயே வரக்கூடாது. சுடும்போது ஸ்பானரை எடுக்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். லித்தியத்திலிருந்து புகை வந்தால் காப்பாற்ற நினைக்காமல் தூரமாக விலகி 101 அல்லது 112-க்குப் போன் போடுங்கள்.

அன்று சவுக்குத் தோப்பில் அந்தப் பேட்டரி ஆற 3 மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆறிய பிறகு அதன் நெகட்டிவைக் கழற்றி, டேப் சுற்றி ஒதுக்கிவிட்டு, நல்ல பேட்டரி ஒன்றை வைத்து ஃபிரிட்ஜை மட்டும் ஓட்டிக்கொண்டு, ஜன்னல்களைத் திறந்தபடியே வீடு வந்து சேர்ந்தோம்.