அருங்காட்சியகத்துக்கு போன் விளையாட்டு செய்யப் போகிறீர்களா?

முதலில் ஆப் என்ற நினைப்பையே விடுங்கள். பிள்ளை ஒரு பக்கம் கையை இழுக்க, வாசலில் நின்று ஆப்பை இறக்கி, ஓடிபி போட்டு உள்ளே போகும் பொறுமை யாருக்கும் கிடையாது. கியூஆர் குறியீட்டை ஸ்கேன் பண்ணினால் பிரவுசரிலேயே திறக்கும் லேசான பக்கம் போதும். பெயர், எண் எதுவும் கேட்காதீர்கள். குறியீட்டைப் பேழைக் கண்ணாடியில் ஒட்டினால் விளக்கு பளபளத்து கேமரா திணறும். பக்கத்தில் மங்கலான அட்டையில், பத்து வயதுப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் வையுங்கள்.

அப்புறம் கேள்விகள். சொதப்புவது இங்கேதான். நான் முதன்முதலில் ஓர் அருங்காட்சியகத்துக்குச் செய்த வினாடி வினா முழுக்க 'இது எந்த நூற்றாண்டு?' ரகம். பிள்ளைகள் விளக்கப் பலகையில் எண்ணைத் தேடித் தட்டிவிட்டு அடுத்த பேழைக்கு ஓடினார்கள், பொருளை ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. பதில் பலகையில் இருக்கக்கூடாது, பொருளில் இருக்க வேண்டும்.

2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்தையே எடுத்துக்கொள்வோம். கீழடியில் கிடைத்த பானை ஓடு ஒன்றில் 'குவிரன் ஆதன்' என்று தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் கீறியிருக்கிறது. அந்த ஓட்டின் படத்தை போனில் போடாதீர்கள், போட்டால் பிள்ளை திரையைத்தான் பார்க்கும். எழுத்து அட்டவணை மட்டும் காட்டுங்கள்: கூட்டல் குறி மாதிரி இருந்தால் க, அதன் காலடியில் வலப்பக்கம் குட்டிக் கோடு ஒட்டியிருந்தால் கு. 'இந்தக் குறி எந்த ஓட்டில் இருக்கிறது, பக்கத்து எழுத்தையும் சேர்த்துப் படி' என்று விட்டுவிடுங்கள். குனிந்து நிமிர்ந்து, அம்மாவோடு 'அது வி இல்லம்மா' என்று சண்டை போட்டு, ஒருவழியாகக் 'குவிரன்' என்று கூட்டிப் படித்த பிறகுதான் அது ஓர் ஆளின் பெயர் என்று திரை சொல்ல வேண்டும்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு போன்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒருத்தர் படிக்க, மற்றவர் தேட. நேரக்கணக்கு வேண்டவே வேண்டாம், பேழைகளுக்கு நடுவே ஓட்டப்பந்தயம் ஆகிவிடும். மலிவான போன் ஒன்றை எடுத்துக்கொண்டு சிக்னல் விழாத கடைசி அறை வரை நீங்களே நடந்து பாருங்கள்.

எல்லா இடத்துக்கும் விளையாட்டு ஒத்துவராது. 2016இல் போக்கிமான் கோ என்ற போன் விளையாட்டு வந்த புதிதில், வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம் தங்கள் வளாகத்தில் அதை விளையாட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் கிடைத்த, இறந்தவர்களைப் புதைத்த முதுமக்கள் தாழிகளுக்கும் அப்படித்தான். அங்கே புள்ளி, டிங் சத்தம் எதுவும் கூடாது.

முடிவுக்கு என் யோசனை: கீழடியில் பகடை, ஆட்டக்காய், வட்டச் சில்லு எல்லாம் கிடைத்திருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்ததும் கடைசித் திரையில் 'போனைப் பையில் போட்டுவிட்டு முற்றத்துக்கு வா' என்று மட்டும் வரட்டும். அங்கே சாக்பீஸில் பாண்டிக் கட்டம் போட்டு, பக்கத்தில் நாலு ஓட்டுச் சில்லு வைத்திருங்கள்.