கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டதா? பெங்களூர் எஸ்.பி. ரோடு கடைகளுக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது திரை கறுத்துவிடுகிறது. அல்லது வானத்திலும் சுவரிலும் பச்சைப் புள்ளிகள் முளைக்கின்றன. உடனே "கார்டு போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். கார்டின் மேல் பழி போடுவது கடைசியாக இருக்கட்டும். முதலில் பார்க்க வேண்டியது கோளாறு எந்தக் கட்டத்தில் தலைகாட்டுகிறது என்பதைத்தான். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

பவர் பட்டனை அழுத்தியதும், விண்டோஸுக்கு முன்பு வரும் பயாஸ் திரையிலேயே கோடுகளும் கட்டங்களும் தெரிந்தால் டிரைவரை, அதாவது கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளைக் குறை சொல்ல வழியில்லை. அந்த நேரத்தில் டிரைவர் இன்னும் ஏறியிருக்காது. கேபிளை மாற்றிப் பாருங்கள், மானிட்டருக்குப் பதில் டிவியில் செருகிப் பாருங்கள். விண்டோஸ் வரை போக முடிந்தால் இன்னொரு எளிய சோதனை உண்டு: கோடு தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை மொபைலுக்கு அனுப்பித் திறந்து பாருங்கள். படத்திலும் கோடு இருந்தால் கோளாறு பெரும்பாலும் கார்டின் மெமரியிலோ சிப்பிலோ இருக்கிறது. படம் சுத்தமாக இருந்தால் கேபிள், மானிட்டர் அல்லது கார்டின் அவுட்புட் போர்ட்.

பயாஸ் சுத்தமாக வந்து, விண்டோஸ் ஏறும்போது திரை கறுத்தால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் கோட் 43 என்ற பிழை காட்டுவதும் இந்த வகையில் வரலாம். பழைய டிரைவரைத் துடைத்து அழிக்கும் டிடியு மென்பொருளை இறக்கி வைத்துக்கொண்டு இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். இந்தப் படியை விட்டால், நீங்கள் அழித்த டிரைவரை விண்டோஸ் அப்டேட் தானாகவே திரும்பப் போட்டுவிடும். சேஃப் மோடில் போய் டிடியுவால் அழித்து, ரீஸ்டார்ட் செய்து, கார்டு கம்பெனியின் டிரைவரைப் போடுங்கள். புது டிரைவர் ஏறும் அந்த நொடியிலேயே மறுபடியும் திரை போய்த் திரும்ப வராவிட்டால் அது பெரும்பாலும் ஹார்டுவேர்தான். டிரைவர் வந்த பிறகுதான் கார்டு முழு வேகத்துக்குப் போகும், அதுவரை மெதுவாகவே ஓடும்.

கேமில் மட்டும் கோளாறு வந்தால் பெரும்பாலும் சூடு, பவர், மெமரி என மூன்றில் ஒன்று. கவனமாகப் பிரிக்க வேண்டிய இடம் இதுதான்.

சூட்டைப் பார்க்க எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற மென்பொருள் போதும். ஜிபியு வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், சிப்பின் மிகச் சூடான இடத்தைச் சொல்லும் ஹாட்ஸ்பாட் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டுக்கும் 10 முதல் 20 டிகிரி வித்தியாசம் இயல்பு. கோர் 72, ஹாட்ஸ்பாட் 105 என்று இருந்தால் சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் பெரும்பாலும் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கும். பெங்களூரில் ஏதோ ஒரு தெருவில் எப்போதும் கட்டட வேலை நடக்கும். அந்த சிமென்ட் தூசி ஹீட்சிங்க் இடுக்கில் படிந்து போர்வை மாதிரி ஆகிவிடுகிறது. ஊதிச் சுத்தம் செய்யும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும்.

பேஸ்ட் மாற்ற ஹீட்சிங்கைக் கழற்றினால், மெமரி சிப் போன்றவற்றின் மேல் ஒட்டியிருக்கும் மெத்தென்ற தெர்மல் பேடின் தடிமன் சரியாக இருப்பது முக்கியம். 1 மி.மீ., 1.5, 2 என்று ஒரே கார்டில் வெவ்வேறு தடிமன் இருக்கலாம். 1.5 இருந்த இடத்தில் 2 போட்டால் ஹீட்சிங்க் சிப்பின் மேல் முழுதாக உட்காராது, பேஸ்ட் மாற்றிய பிறகு சூடு முன்பைவிடக் கூடிவிடும். திருகுகளைக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். வாரன்ட்டி பாக்கி இருந்தால் இதில் இறங்கவே வேண்டாம்.

பவர் கோளாறுக்கு ஓர் அடையாளம் உண்டு. படம் போன பிறகும் பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் கார்டு அல்லது டிரைவர், விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 4101 என்ற எண் இருக்கக்கூடும். மொத்த கம்ப்யூட்டரும் சட்டென்று அணைந்தால் முதல் சந்தேகம் பவர் சப்ளை அல்லது வீட்டு கரன்ட் மேல், அங்கே கெர்னல் பவர் 41 இருக்கும். 600 வி.ஏ. யுபிஎஸ் பொதுவாக 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். கேம் ஓடும்போது உங்கள் சிஸ்டம் 400 வாட் இழுத்தால், கரன்ட் ஒரு நொடி சிமிட்டினாலும் எல்லாம் அணைந்துவிடும். பழி மட்டும் கார்டுக்கு.

கார்டுக்குப் பவர் தரும் 8 பின் கனெக்டர் ஒன்றுக்கு அதிகபட்சம் 150 வாட், 6 பின்னுக்கு 75, மதர்போர்டு ஸ்லாட்டுக்கு 75. கார்டுக்கு இரண்டு 8 பின் வேண்டுமென்றால், ஒரே கேபிளில் பிரியும் இரட்டைத் தலையை விட்டுவிட்டு இரண்டு தனிக் கேபிள்கள் போடுங்கள். 16 பின் வகையாக இருந்தால் இடைவெளி தெரியாத அளவுக்கு உள்ளே போயிருக்க வேண்டும். பிளாஸ்டிக் பழுப்பு நிறமாகியிருந்தால் அந்தக் கேபிளை இனி பயன்படுத்தாதீர்கள். வாடகை அறைகளில் எர்த் சரியில்லாத பிளக் பாயின்ட் நிறைய. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்கிறதா? முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மெமரியைச் சோதிக்க ஓ.சி.சி.டி. மென்பொருளின் விராம் (கார்டின் மெமரி) டெஸ்டை 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஓவர்கிளாக் (வேகத்தைக் கூட்டிவைப்பது) எதுவும் இல்லாமல் ஒரே ஒரு பிழை வந்தாலும் தேறவில்லை என்றே கொள்ளுங்கள். பிறகு ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் மெமரி கிளாக்கை (மெமரியின் வேகத்தை) 300 முதல் 500 மெகாஹெர்ட்ஸ் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். பிழை மறைந்தால் மெமரி சிப்போ அதன் மேலுள்ள பேடோ காரணம். அப்படியே சில மாதம் ஓட்டலாம், ஆனால் அது வைத்தியம் இல்லை.

கனமான கார்டு தொங்கி, ஸ்லாட்டின் கொக்கி பக்கமுள்ள பள்ளத்தருகே போர்டில் மயிரிழை விரிசல் விடுவதும் உண்டு. தீபாவளிக்கு சேலம், மதுரை என்று பஸ்ஸில் கேபினட்டை ஏற்றிப் போகிறவர்கள் கார்டைக் கழற்றித் தனியாக, ஆன்ட்டி ஸ்டாட்டிக் கவரில் எடுத்துப் போங்கள்.

நண்பருடைய கம்ப்யூட்டரில் போட்டும் அதே கோளாறு என்றால்தான் கார்டு கெட்டது உறுதி. கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டரை மதர்போர்டில் செருகிப் பார்க்க நினைத்தால், பிராசஸருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்க வேண்டும். இன்டெலின் எஃப் வகையிலும் ரைசன் 5 5600-இலும் அது கிடையாது.

சுத்தமாக உயிரே இல்லாத கார்டானால், கழற்றிய நிலையில் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வையுங்கள். ஒரு முனை 8 பின் கனெக்டரில் 12 வோல்ட் பின்னில் (லாக்குக்கு எதிர் வரிசையில் அடுத்தடுத்து மூன்று), மற்றது எச்.டி.எம்.ஐ. போர்ட்டின் உலோக ஓரத்தில். ஓம் பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் கார்டின் பவர் பகுதியிலுள்ள மாஸ்ஃபெட் என்ற சிறு ஸ்விட்ச் சிப் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கலாம். மறுபடி பவர் கொடுக்கவே கூடாது. சிப்புக்குப் போகும் கோர் லைனில் ஒரு ஓமுக்குக் கீழே காட்டுவது பெரிய சிப்களில் சகஜம், அதைப் பார்த்துப் பதறாதீர்கள்.

வாரன்ட்டி பெரும்பாலும் 3 வருஷம். பில்லும் சீரியல் நம்பரும் இருந்தால் சர்வீஸ் சென்டர்தான் முதல் இடம். அது தாண்டியிருந்தால் சிக்பேட் மெட்ரோவில் இறங்கி எஸ்.பி. ரோட்டில் சிப் லெவல் வேலை (போர்டிலுள்ள சிறு பாகங்களையே மாற்றுவது) செய்யும் கடையைத் தேடுங்கள். மாஸ்ஃபெட் ஷார்ட், ஃபேன், கனெக்டர் என்றால் தைரியமாகக் கொடுக்கலாம். மெமரி சிப் மாற்றுவதாக இருந்தால் அதே நம்பர் சிப் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹாட் ஏர் (சூடான காற்று) காட்டிச் சரிசெய்வதாகச் சொன்னால் கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். சூடு பட்டதும் எழுந்து நிற்கும், சில வாரத்தில் திரும்பப் படுக்கும். கொடுக்கும் முன் சீரியல் நம்பரையும் போர்டின் இரண்டு பக்கத்தையும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது உங்கள் கண் முன்னே அரை மணி நேரம் லோடு டெஸ்ட் ஓட்டச் சொல்லிவிட்டு, அதன் பிறகு பணத்தைக் கொடுங்கள்.