சமூக வன வள உரிமை: ஊர்கள் சறுக்கும் இடங்கள்

வன உரிமை என்றாலே மலைக்கிராமங்களில் பேச்சு வீட்டடிக்கும் விளைநிலத்துக்கும் பட்டா வாங்குவதிலேயே நின்றுவிடுகிறது. ஊர் வழிவழியாகப் புழங்கி வந்த காட்டை ஊரே காத்து நிர்வகிக்கும் சமூக வன வள உரிமையையும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தருகிறது. தனிநபர் நிலத்துக்குப் படிவம் ‘ஏ’. மேய்ச்சல், மீன், சிறு வன மகசூல் போன்றவற்றுக்கு ‘பி’. காட்டின் நிர்வாகத்துக்கு ‘சி’. முதல் இரண்டையும் கொடுத்துவிட்டு ‘சி’யை மறக்கிற ஊர்கள் ஏராளம். நெல்லிக்காய் பொறுக்க உரிமை வந்துவிடும். அந்த நெல்லி நிற்கிற காட்டை நிர்வகிக்கும் உரிமைப்பத்திரம் வராது.

“எங்களுக்குத்தான் கிராம வனக்குழு இருக்கிறதே” என்பது அடுத்த குழப்பம். தமிழ்நாட்டில் 1997இல் ஜப்பானியக் கடனுதவியோடு தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில் உருவானவை அந்தக் குழுக்கள். அவை நடந்தது கூட்டு வன மேலாண்மை முறையில், அதாவது வனத்துறையும் ஊரும் சேர்ந்து காட்டைப் பார்த்துக்கொள்ளும் முறையில். அதற்கு அடிப்படை ஒன்றிய அரசின் 1990 சுற்றறிக்கை. அதில் காடு வனத்துறையுடையது, ஊர் வெறும் கூட்டாளி. திட்டப் பணம் நின்றால் குழுவும் படுத்துவிடும். சட்டப்படியான வன உரிமைக் குழுவைக் கிராம சபைதான் தேர்ந்தெடுக்க வேண்டும்: 10 முதல் 15 பேர், குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பழைய வனக்குழுவின் பெயர்ப்பலகையை மாற்றி எழுதினால் வன உரிமைக் குழு ஆகிவிடாது.

எந்தக் கிராம சபை என்பதில்தான் பெரும்பாலான மனுக்கள் பழுதாகின்றன. அரசியலமைப்பின்படி பழங்குடிப் பகுதி என்று தனியே அறிவிக்கப்படும் ஐந்தாவது அட்டவணைப் பகுதி தமிழ்நாட்டில் கிடையாது. அதனால் வழக்கமான கிராம சபை ஊராட்சி அளவில் கூடுகிறது. மலை ஊராட்சி என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பல மைல். குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கும். ஜனவரி 26 கூட்டத்தில் பத்தோடு பதினொன்றாக இதையும் தீர்மானம் போட்டால், அந்தக் காட்டைப் பார்த்திராதவர்களே முடிவெடுத்தவர்களாவார்கள். வன உரிமை விதிகளின் 2012 திருத்தத்தில் விதி 2ஏ இதற்காகவே வந்தது: ஊராட்சி தன் எல்லையிலுள்ள பதிவில்லாத குடியிருப்புகளைப் பட்டியலிட்டு, அந்தந்தக் குடியிருப்பின் சபையில் தீர்மானமாக்கி, மனுக்களைப் பரிசீலிக்கும் வருவாய்க் கோட்ட அளவிலான குழுவுக்கு அனுப்ப வேண்டும். இதை முதலில் முடியுங்கள்.

கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கும் அப்படித்தான். வயதுவந்தோர் 180 பேர் என்றால் 90 பேர் வந்தாக வேண்டும். அந்த 90இல் 30 பேராவது பெண்கள். பெண்கள் விறகுக்கும் கூலிக்கும் போயிருக்கும் பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, மாலையில் வீடுவீடாகக் கையெழுத்து வாங்குவது நடக்கிற வழக்கம். யாராவது ஆட்சேபித்தால் தீர்மானப் புத்தகம் அங்கேயே செத்துவிடும். சாயங்காலம் கூட்டுங்கள், கையெழுத்தைத் தீர்மானத்துக்குக் கீழேயே, அதே பக்கத்தில் தொடங்குங்கள்.

எல்லை வரைவதில் அவசரம் கூடாது. வனத்துறை நட்ட தோட்டத்தையோ பழைய வனக்குழுவுக்கு ஒதுக்கிய துண்டையோ மட்டும் கேட்பது ஒரு தவறு. கோர வேண்டியது ஊர் வழிவழியாகப் புழங்கிய எல்லை முழுவதையும். அது காப்புக்காடாக இருந்தாலும் சரணாலயமாக இருந்தாலும் சரி. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன மலையில் சோளகர் பழங்குடி ஊர்களுக்கு 2011இல் சமூக உரிமைப்பத்திரங்கள் கிடைத்தன. அந்தக் காடு அதே ஆண்டில் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது.

முதியவர்களோடு எல்லையை நடந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் ஜிபிஎஸ் புள்ளி எடுங்கள். புள்ளிக்குப் பக்கத்தில் ஊர்ப்பெயரையும் எழுதுங்கள்: எந்த ஓடை, எந்தப் பாறை, எந்தக் கோயில் மரம். சாமி காடு, சுடுகாடு, கிழங்கு தோண்டும் இடம், மாடு தண்ணீர் குடிக்கும் மடு எல்லாம் விதி 13இன்படி சான்றுகள். செயற்கைக்கோள் படம் மட்டும் போதுமென்று இருந்துவிடாதீர்கள். அது மற்றச் சான்றுகளுக்குத் துணைதான், மாற்று அல்ல. குறைந்தது இரண்டு வகைச் சான்று வையுங்கள். முதியவர் வாக்குமூலம் என்றால் மனுதாரர் அல்லாதவரிடம் எழுதி வாங்குங்கள்.

பக்கத்து ஊரைக் கேட்காமல் கோடு போடுவது இவற்றில் மோசமானது. இரண்டு ஊரும் ஒரே தேன்பாறையைக் கேட்டால் கோப்பு மேலே போய் உறங்கும். இரு ஊர் வன உரிமைக் குழுக்களும் கூட்டாக உட்கார்ந்து பேசி, முடிவைத் தத்தம் சபையில் வைக்க விதியிலேயே வழி இருக்கிறது. படிவம் ‘சி’யிலும் எல்லை ஊர்களையும் அவர்களோடு பகிர்வதையும் எழுத இடம் உண்டு, அதைக் காலியாக விடாதீர்கள்.

கள ஆய்வுக்கு வனத்துறையையும் வருவாய்த்துறையையும் எழுத்தில் அழைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வையுங்கள். வாய்ச்சொல் அழைப்பு எண்ணப்படாது. வராதவர்கள் பின்னால் ஆட்சேபித்தால் மறுபடி ஒருமுறை ஆய்வு நடக்கும். அதற்கும் வராவிட்டால் சபையின் முடிவே இறுதி. வந்தவர்கள் பதவி, தேதி, கருத்தோடு கையெழுத்திட வேண்டும். கோட்டக் குழுவோ மாவட்டக் குழுவோ குறை கண்டால் மனுவைத் தானே நிராகரிக்காமல் மறுபரிசீலனைக்குச் சபைக்குத் திருப்ப வேண்டும். முடிவு பாதகமாக வந்தால் முறையிட 60 நாள். இந்தக் கெடு தெரியாமல் தவறவிட்ட ஊர்கள்தான் அதிகம் நொந்துபோகின்றன.

பத்திரம் கைக்கு வந்ததும் யார் பெயரில், எந்த நிபந்தனையோடு, எவ்வளவு பரப்பு என்று அன்றைக்கே படித்துப் பாருங்கள். பிறகு காட்டையும் காட்டுயிர்களையும் காக்க விதி 4(1)(ஈ) சொல்லும் குழுவை அமையுங்கள். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்து மேந்தா-லேகா ஊருக்கு 2009இலேயே 1,809 ஹெக்டேர் கிடைத்தது. ஆனால் வெட்டிய மூங்கிலைக் கொண்டுபோக அனுமதிச்சீட்டு (பாஸ்) எழுதும் புத்தகம் சபையின் கைக்கு வந்தது 2011 ஏப்ரலில்தான். 2012 திருத்தத்துக்குப் பிறகு பாஸ் கொடுக்கும் வேலை இந்தக் குழுவுடையது, அல்லது சபை அதிகாரம் கொடுத்தவருடையது. இருவரும் இல்லாவிட்டால் லாரி சோதனைச்சாவடியில் நிற்கும்.

அறுவடை விதிகளைச் சபையில் எழுதி வையுங்கள். மூங்கிலில் அந்த ஆண்டு முளைத்த குருத்தைத் தொடக்கூடாது. முற்றியதை 15 முதல் 45 செ.மீ. உயரத்துக்குள், கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். புதரை மொட்டையடிக்கக் கூடாது. நெல்லிக்குக் கிளை முறிக்கக் கூடாது, பிடித்திருக்கும் புல்லுருவியை வெட்டிவிட வேண்டும். தேனெடுப்பில் புழு இருக்கும் அடையை விட்டுவிட வேண்டும். மீறியவருக்கு என்ன தண்டம், அதை யார் வசூலிப்பது, எந்தக் கணக்கில் போடுவது என்பதும் அதே தீர்மானத்தில் இருக்கட்டும்.