குப்பைத்தொட்டி பக்கம் முளைத்த சோபா

கலிபோர்னியாவின் சான் ஹோசேயில், சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் டவுன்ஹோம் வீடுகளின் வளாகத்தில் மாதக் கடைசி என்றாலே பொதுக் குப்பைத்தொட்டி பக்கம் ஒரு மெத்தையோ சோபாவோ முளைத்துவிடும். குப்பை வண்டிக்காரர் அதைத் தொடமாட்டார். வீட்டு உரிமையாளர் சங்கம் தனி ஆள் வைத்து அள்ளும். அந்தச் செலவு எங்கள் மாதக் கட்டணத்தில்தான் வந்து விழும்.

முதலில் கேமரா வைத்தோம். தொப்பி போட்ட இரண்டு பேர், நம்பர் தெரியாத ஒரு டிரக். அவ்வளவுதான் கிடைத்தது. ஆள் தெரிந்தாலும் உடனே அபராதம் போட முடியாது. கலிபோர்னியா சட்டப்படி குறைந்தது 10 நாள் முன்னதாக வீட்டு உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து, நிர்வாகக் குழு முன் பேச வாய்ப்பும் தர வேண்டும். அதற்குள் வாடகைக்கு இருந்தவர் ஊரே மாறியிருப்பார்.

ஒரு நாள் அங்கே கிடந்த அட்டைப்பெட்டியில் இருந்த முகவரியைப் பார்த்து அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். உண்மையைச் சொன்னால், சண்டைக்குத்தான் போனேன். எல்லோரும் அங்கேதானே போடுகிறார்கள் என்று அந்தப் பெண் விழித்தார். முன்பதிவு செய்தால் நகராட்சியே பெரிய சாமான்களை இலவசமாக எடுத்துப்போகும் என்பது அவருக்குத் தெரியாது. புது மெத்தை கொண்டுவரும் கடைக்காரர், கேட்டால் பழையதைக் காசில்லாமல் எடுத்துப்போக வேண்டும் என்பதும் தெரியாது.

சரி என்று, மிரட்டும் பலகையைக் கழற்றிவிட்டு, முன்பதிவுக்கான க்யூஆர் கோடைப் பெரிதாக ஒட்டினேன். மாதாமாதம் 20ஆம் தேதி உரிமையாளர்களுக்கு மின்னஞ்சல் போகிறது, காலி செய்பவர்களிடம் சொல்லச் சொல்லி. எது கிடந்தாலும் அன்றைக்கே அகற்றுகிறோம். நாற்காலி கிடந்தால் மறுநாள் துணைக்கு மேசை வந்துவிடும்.

அந்த டிரக் மட்டும் எப்போதாவது வருகிறது. அங்கே விளக்கு போட்டிருக்கிறோம், பார்ப்போம்.