பட்டாசலில் அரக்குக் கடைசல் சாமான்

சிவப்பு, மஞ்சள், பச்சை என வளையம் வளையமாக அரக்கு ஏறிய கடைசல் கால் (மரத்தைச் சுழற்றிக் கடைந்தெடுத்த கால்) சாமான் ஒன்று போதும், பட்டாசல், அதாவது வீட்டுக் கூடம், களைகட்டிவிடும். முக்காலி, தொட்டில், ஊஞ்சல் எதுவானாலும் சரி. அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானிலும் குஜராத்தின் சங்கேடா சோபாவிலும் மின்னுவது இதே அரக்குதான்.

கடைகளில் எனாமல் அடித்ததையும் அரக்கு என்றே விற்பார்கள். கேட்டுக்கொண்டு, கால் அடியில் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சைப் பத்து விநாடி அழுத்துங்கள். பிசுக்கென்று ஒட்டி நிறம் ஏறினால் அரக்கு. பர்மா, சீன அரக்குப் பெட்டிகளில் நிறம் வராது. அதனால் அவை போலி என்று ஆகிவிடாது. அங்கே பூசுவது மரத்துப் பால், நம்முடையது பூச்சி சுரக்கும் அரக்கு.

பிறகு சாமானைக் கவிழ்த்துத் தட்டுங்கள். மாவு உதிர்ந்தால் உளுத்த மரம், வேண்டாம். காலைக் கழற்ற முடிகிறதா, அதன் இரு முனையிலும் கடைசல் பட்டறையில் பிடித்த சின்னக் குழி இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னால் இது உதவும்.

சுவர் வெள்ளையோ சந்தன நிறமோ இருக்கட்டும். ஒரு சுவருக்கு ஒரு சாமான்தான். இரண்டாவது வந்தால் பொம்மைக் கடை. காவித் தரையில் சிவப்புக் கால் தெரியவே தெரியாது. சாயம் போடாத பத்தமடைப் பாயை விரித்து, அதன் மேல் வையுங்கள். முரட்டுப் பாயே போதும். மெல்லிய கோரையில் நெய்த பட்டுப்பாயில் வைத்தால் கால் அழுந்துகிற இடத்தில் கோரை முறியும். கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டிவிடுங்கள். தரையில் இழுத்தால் விளிம்பில் அரக்கு சில்லுச் சில்லாகப் பெயரும்.

மேற்கு ஜன்னலை ஒட்டி வைக்கவே கூடாது. நம்மூர் வெயிலில் நிறம் வெளிறும்.

அரக்கு 75 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகிவிடும். சூடான காபி டம்ளரை அப்படியே வைத்தால் வட்டம் விழும். சானிடைசர், கண்ணாடி துடைக்கும் திரவம் இரண்டுமே எமன். முன்னதில் இருக்கும் ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும். உலர்ந்த பருத்தித் துணி போதும். பிசுக்கு இருந்தால் துணியில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான்.

சாரல் மாதங்களில் மேலே புகை படர்ந்தாற்போல் வெளுக்கும். ஈரம் உள்ளே இறங்கியதுதான் காரணம். வெயிலில் போடாமல், காற்றோட்டமான தார்சாவில் (முன் தாழ்வாரத்தில்) நிழலில் ஒரு வாரம் விடுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நிறமும் சேர்ந்து போகும்.

அதற்கும் தெளியாவிட்டால் காலை மட்டும் கழற்றிக் கடைசல்காரரிடம் கொடுங்கள். பட்டறையில் பூட்டிச் சுழற்றி அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வுச் சூட்டில் உருகி மறுபடி ஏறும். தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஒட்டுப் பசை போட்டு இறுக்கிய காலுக்கு இந்த வழி கிடையாது.