"போகமாட்டேன்" என்பவளை வைத்து மாயக்கதை எழுதுவது எப்படி?

மாயக்கதை எழுத உட்காரும் பலர் முதலில் யோசிப்பது வாளை, மந்திரத்தை, வில்லனை. நான் முதலில் யோசிக்கச் சொல்வது வேறு: உங்கள் நாயகனோ நாயகியோ ஏன் "போகமாட்டேன்" என்கிறார்? சாகசத்துக்குத் துடிப்பவன் முதல் பக்கத்தில் இருந்தபடியே கடைசிப் பக்கம் வரை இருந்துவிடலாம். போக விருப்பமில்லாதவள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் முடிவெடுத்தாக வேண்டும். அவள் வளர்வது அந்த முடிவுகளில்தான்.

பெங்களூரில் இருந்துகொண்டு தமிழில் எழுதத் தொடங்குகிறவர்களுக்காக, இந்த ஊரை வைத்தே ஒரு கதையைக் கட்டிக் காட்டுகிறேன். கூடவே உங்கள் கதையையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

படி 1: மறுப்புக்கு ஒரு நியாயம் கொடுங்கள்

"அவளுக்குப் பயம்" என்று எழுதினால் போதாது. பயம் எல்லோருக்கும் உண்டு. இவளுக்கு மட்டுமே உரிய காரணம் வேண்டும்.

நம் நாயகி கனகா. வயது 24. கோலார் தங்கவயல் மாரிக்குப்பத்தில் ஆயாவோடு இருக்கிறாள். விடியற்காலை ரயிலேறி பெங்களூர் வந்து, சிக்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிவிட்டு, ராத்திரி திரும்புகிறாள். தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. அவ்வளவு ஆழத்தில் மேலிருக்கும் பாரம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். தாத்தாவின் தம்பி அப்படித்தான் போனார். தாத்தாவோ நுரையீரலில் பாறைத்தூசி படிந்து, வருஷக்கணக்கில் இருமி, கனகா சிறுமியாக இருக்கும்போது இறந்தார். 2001-ல் சுரங்கம் மூடியபோது வேலை போச்சே என்று தெருவே அழுதது. ஆயா மட்டும் அழவில்லை. தாத்தாவும் போன பிறகு ஆயா சொன்னது இதுதான்:

"மண்ணுக்கு ரெண்டு பேரக் குடுத்தாச்சு. இனி நம்ம வூட்டுல யாரும் கீழ எறங்கக் கூடாது."

இதுதான் காரணம். இது கோழைத்தனம் இல்லை, நியாயமான பேச்சு. தயக்கத்தை நாயகியிடமிருந்து குணப்படுத்த வேண்டிய நோயாக எழுதாதீர்கள். அவள் மறுப்பில் இருக்கும் நியாயத்துக்குக் கதை கடைசியில் பதில் சொல்ல வேண்டும். மற்றப் படிகள் எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

படி 2: மாயத்தை ஊருக்குள்ளேயே தேடுங்கள்

மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் இருப்பது சம்பங்கி ஏரியில். தினமும் லட்சக்கணக்கான கால்கள் நடக்கும் தரைக்குக் கீழே ஓர் ஏரி இன்னும் விழித்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், நம் கதைக்கு மாயம் கிடைத்துவிட்டது. இனி அதற்கு விதி வேண்டும். மாயத்துக்கு எப்போதும் ஒரு விலை வையுங்கள். விலையில்லாத மாயம் நாயகியை எதையும் தேர்ந்தெடுக்க விடாது.

விலைக்கான யோசனையும் ஊரிலேயே இருக்கிறது. பெங்களூரை உருவாக்கிய கெம்பே கவுடா கட்டிய கோட்டையின் வாசல் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்ததாம். அது நிற்கட்டும் என்று அவர் மருமகள் லட்சுமம்மா தன்னையே பலி கொடுத்தாள் என்று ஒரு கதை. கோரமங்களாவில் அவளுக்கு நினைவிடம் இருக்கிறது. நம் ஏரியும் அப்படித்தான் கேட்கிறது: காவலுக்கு ஓர் உயிர். இப்படிப்பட்ட கதை உலவும் ஊரில் ஒரு பெண் "மாட்டேன்" என்று சொல்வது, எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது.

படி 3: அழைப்பு வரட்டும், மறுக்கட்டும்

மறுப்பை விவரிக்காதீர்கள். பேச விடுங்கள். ரயிலைப் பிடிக்க மெஜஸ்டிக்கைக் கடக்கும் கனகாவின் காலடியில் குரல் கேட்கிறது:

"கனகா, கீழ வா. காவலுக்கு ஆளில்ல."

"எங்க வூட்லேர்ந்து ஏற்கெனவே அனுப்பியாச்சு. வேற வூட்டப் பாரு."

அவள் வீடு, இழப்பு, கோபம் மூன்றும் இந்த ஒரு பதிலில் வந்துவிடுகின்றன. பத்து அத்தியாயக் கதை என்றால், இந்த மறுப்பு இரண்டாம் அத்தியாயம் வரை நிற்கட்டும். அதற்கு மேல் இழுத்தால் வாசகர் பொறுமை இழப்பார். மறுத்ததற்கு விளைவும் இருக்க வேண்டும்: ஏரி மேலே கசியத் தொடங்குகிறது.

படி 4: அவளே இறங்கட்டும்

நாயகியைக் கிளப்புவதற்காக வீட்டில் ஒருவரைக் கொன்றுவிடுவது பழக்கமாகிவிட்டது. தயவுசெய்து ஆயாவை விட்டுவிடுங்கள். வீடு எரிந்த பிறகு ஓடுபவள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. திரும்பிப் போக வீடு இருக்கும்போதே அவள் இறங்க வேண்டும்.

மல்லிகா அக்கா மெஜஸ்டிக் மெட்ரோ நிலையத்தில் துப்புரவு வேலை செய்கிறவர். தினமும் ரயிலில் கனகாவுக்கு இடம் போட்டு வைப்பவர். தண்ணீர் ஏறும் ராத்திரி அவர் கீழே மாட்டிக்கொள்கிறார். ரயில் புறப்பட நேரமாகிறது. கனகா ஏறிப் போய்விடலாம்; யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் மண்ணுக்கு இன்னொரு ஆள் போகக் கூடாது என்பதுதானே ஆயாவின் பேச்சு? அவளைத் தடுத்து வைத்த அதே காரணம் இப்போது அவளைக் கீழே அனுப்புகிறது. உங்கள் நோட்டில் இந்த இடத்தை எழுதிப் பாருங்கள்: முதலில் "மாட்டேன்" என்று சொல்ல வைத்ததே, பிறகு "போகிறேன்" என்றும் சொல்ல வைக்கிறதா? இல்லையென்றால் முதல் படிக்குத் திரும்பி, காரணத்தை மாற்றுங்கள்.

படி 5: சோதனைகளை அந்தக் காரணத்தின் மேல் வையுங்கள்

புதிதாக எழுதுபவர்கள் அதிகம் தடுமாறுவது நடுப்பகுதியில். பூதம், பாம்பு, பாலம் என்று வரிசையாகத் தடைகள் வரும். நாயகி ஜெயித்துக்கொண்டே போவாள். அவளுக்குள் ஒன்றும் நடக்காது.

மகாபாரதத்தில் விராட பருவத்து உத்தர குமாரனை நினைத்துப் பாருங்கள். தேரோட்ட ஆள் இருந்தால் கௌரவர்களை விரட்டிவிடுவேன் என்று அந்தப்புரத்தில் பேசியவன், சேனையைக் கண்டதும் தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். பிருகந்நளை என்ற பெயரில் மாறுவேடத்தில் இருக்கும் அர்ச்சுனன் அவனைத் துரத்திப் பிடிக்கிறான். ஆனால் உபதேசம் செய்து வீரனாக்கவில்லை. வேலையை மாற்றிக் கொடுக்கிறான்: நீ தேரை ஓட்டு, நான் சண்டை போடுகிறேன். அடுத்து வன்னி மரத்தில் ஏறி ஆயுதங்களை எடுக்கச் சொல்கிறான். பிணம் தொங்கும் மரம் என்று இளவரசன் மறுபடி நடுங்குகிறான். பிறகு ஏறுகிறான். பிறகு போருக்கு நடுவே கடிவாளத்தைப் பிடிக்கிறான். அவன் கடைசி வரை பெரிய வில்லாளி ஆகவில்லை. ஆனால் ஓடிப்போனவன் திரும்பி வந்து அதே சேனைக்கு முன்னால் தேரை நிறுத்தினான். ஒருவனால் ஏறக்கூடிய படிகளாகச் சோதனைகளை அமைப்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

கனகாவுக்கு மூன்று போதும். முதலில், அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று உதவட்டும்: பாறையைக் கம்பியால் தட்டிக் கேட்கத் தாத்தா கற்றுக்கொடுத்திருக்கிறார். கெட்டிப் பாறை கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாகச் சத்தம் போடும். இரண்டாவது, அவள் தோற்கட்டும்: அவசரத்தில் தட்டிப் பார்க்காமல் நடந்து, திரும்பும் வழி இடிந்து அடைபடுகிறது. மூன்றாவதுதான் கடினம். இருட்டில் தாத்தாவின் இருமல் கேட்கிறது. அவள் இங்கேயே தங்கினால் தாத்தாவும் கூட இருப்பார் என்கிறது ஏரி. மண் எடுத்துக்கொண்டதை மண்ணே திருப்பித் தருகிறேன் என்னும்போது அவள் என்ன செய்வாள்? இந்த இடத்துக்கு நிறையப் பக்கம் ஒதுக்குங்கள்.

படி 6: மாற்றத்தைச் செயலில் காட்டுங்கள்

"அவள் தைரியசாலியாகிவிட்டாள்" என்ற வாக்கியத்தை எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். பழைய சூழ்நிலையை மறுபடி கொண்டுவாருங்கள், அவள் வேறுமாதிரி நடக்கட்டும். முதலில் குரல் கேட்டதும் நடையை வேகப்படுத்தியவள், இப்போது நின்று கேள்வி கேட்கிறாள்: "காவல்னா என்ன செய்யணும்? அத சொல்லு மொதல்ல." கை நடுங்கட்டும், பரவாயில்லை.

படி 7: மறுப்புக்குப் பதில்

பெங்களூர் ஏரிகளை ஒன்றோடொன்று இணைத்தவை ராஜகால்வாய்கள். கனகா தட்டிக்கொண்டே போய், மூடிப்போன ஒரு கால்வாயைக் கண்டுபிடிக்கிறாள். ஏரிக்கு உயிர் வேண்டியதில்லை. தண்ணீர் போக வழியும், அந்த வழியைத் திறந்து வைக்க உயிரோடு ஓர் ஆளும் வேண்டும். பலி கேட்ட விதியை அவள் மாற்றிவிடுகிறாள். மல்லிகா அக்காவோடு மேலே வருகிறாள். ஆயாவுக்கு இப்போதும் இது பிடிக்கவில்லை. அதை அப்படியே விடுங்கள்.

முதல் வரைவு முடிந்ததும் மறுப்புக் காட்சியையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் தனியாக எடுத்து, கதை தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். மறுத்தபோது அவள் சொன்ன நியாயத்துக்குக் கடைசியில் பதில் கிடைத்ததா என்று கேளுங்கள். "இல்லை" என்றால், திருத்த வேண்டியது பெரும்பாலும் ஐந்தாம் படியில் இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள்.