டேன் 45 எப்படி 1.62 ஆனது? எக்செல்லில் சத்தமில்லாமல் வரும் தவறுகள்

பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் 'உயரங்களும் தொலைவுகளும்' படித்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கணக்கு ஒன்றைத்தான் என் அக்கா மகன் எக்செல்லில் போட்டுப் பார்த்தான். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்திலிருந்து 70 மீட்டர் தள்ளி நிற்கிறோம், உச்சி 45 டிகிரி ஏற்றக் கோணத்தில் தெரிகிறது என்று வைத்துக்கொண்டு =70*டேன்(45) என்று அடித்தான். வந்த விடை 113 மீட்டர். கோபுரமோ சுமார் 72 மீட்டர்தான். "மாமா, எக்செல்லுக்கே கணக்கு தெரியலையா?" என்று கேட்டான்.

கணக்கெல்லாம் அதற்கு நன்றாகவே தெரியும். கொடுத்தது டிகிரி என்பதுதான் தெரியாது. எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரெஆபீஸ் கால்க் மூன்றிலுமே சைன், காஸ், டேன் எல்லாம் ரேடியனைத்தான் எதிர்பார்க்கின்றன. ஒரு ரேடியன் என்பது ஏறத்தாழ 57.3 டிகிரி. ஆக, 45 என்று கொடுத்தால் அது 2578 டிகிரி. ஏழு முழுச் சுற்றுகளைக் கழித்தால் மிச்சம் 58.3 டிகிரி. அதன் டேன் மதிப்புதான் 1.62. =70*டேன்(ரேடியன்ஸ்(45)) என்று மாற்றியதும் 70 வந்தது. தரையிலிருந்து கண் மட்டம் ஒன்றரை மீட்டர், அதையும் கூட்டினால் 71.5. (ஃபார்முலாக்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். செல்லில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.)

இந்தத் தவறு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் திரும்பத் திரும்ப நடக்கிறது, ஏனென்றால் எக்செல் எந்த எச்சரிக்கையும் காட்டுவதில்லை. சைன்(30) என்று போட்டால் மைனஸ் 0.988 வரும், மைனஸைப் பார்த்ததும் நமக்கே உறைக்கும். டேன்(45) அப்படியில்லை. 1.62 என்பது பார்க்க ஒழுங்கான எண். கோபுரத்தின் உயரம் முன்பே தெரிந்ததால் பிடித்தோம். அதுவே பக்கத்துத் தோப்புத் தென்னை மரமாக இருந்திருந்தால் "இவ்வளவு உயரமா!" என்று வியந்துவிட்டுப் போயிருப்போம். அதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். நீளமான ஃபார்முலாவை இழுத்து நிரப்புவதற்கு முன்னால், விடை தெரிந்த ஒரு கோணத்தைக் கொடுத்துப் பார்ப்பேன். 30 டிகிரி சைனுக்கு 0.5 வராவிட்டால் மேற்கொண்டு போவதில்லை.

டேன் மதிப்பிலிருந்து கோணத்துக்குத் திரும்பி வரும்போதும் (அதற்குத்தான் ஏடேன்) இதே கதைதான். ஏடேன்(1) என்று கேட்டால் 45 வராது, 0.785 வரும். அதை டிகிரி என்று நினைத்து 'சரிவு ஒரு டிகிரிக்கும் குறைவு' என்று எழுதிவிடலாம். டிகிரீஸ்(ஏடேன்(1)) என்று கேட்க வேண்டும்.

அடுத்தது, கோணத்தை எழுதுகிற விதம். திருச்சியின் அட்சரேகை ஏறத்தாழ 10 டிகிரி 48 நிமிடம். அதைச் செல்லில் 10.48 என்று அடிப்பவர்கள் நிறையப் பேர். 48 நிமிடம் என்பது ஒரு டிகிரியில் 60-க்கு 48 பங்கு, அதாவது 0.8. எனவே சரியான எண் 10.8. இந்த 0.32 டிகிரி வித்தியாசம் அற்பமாகத் தெரியலாம். ஆனால் ஒரு டிகிரி அட்சரேகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர் என்பதால், திருச்சியைத் தூக்கி 35 கிலோமீட்டர் தெற்கே வைத்துவிடுகிறோம். பாதுகாப்பான வழி: டிகிரி, நிமிடம், நொடி மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி. பிறகு =ஏ2+பி2/60+சி2/3600.

ஊர்களுக்கு இடையே நேர்க்கோட்டுத் தூரம் கணக்கிடுபவர்களுக்கு இன்னொரு வலை காத்திருக்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகை என்ற வரிசையில் சென்னை 13.08, 80.27, மதுரை 9.93, 78.12. பூமியின் ஆரம் 6371 கிலோமீட்டர் என்று வைத்து, சைன், காஸ், ஏகாஸ் (காஸ் மதிப்பிலிருந்து கோணம் தருவது) கொண்ட வழக்கமான சூத்திரத்தில் போட்டால் சுமார் 421 கிலோமீட்டர் வரும். ரேடியன்ஸ் போட மறந்தால் 8,850-ஐத் தாண்டும். அதை யாரும் நம்பப்போவதில்லை, அந்த வகையில் நல்லதுதான். சிக்கல் வேறு இடத்தில். பட்டியலில் ஒரே ஊர் இரண்டு பக்கமும் வந்தால் தூரம் பூஜ்யம் வர வேண்டும். சில ஊர்களுக்கு அப்படியே வரும், சில ஊர்களுக்கு மட்டும் #நம்! என்ற பிழை வரும். ஊரின் மேல் தவறில்லை. கணினி தசம எண்களை இரும முறையில் தோராயமாகத்தான் வைத்துக்கொள்கிறது. பெருக்கிக் கூட்டும்போது 1 வர வேண்டிய இடத்தில் 1-ஐவிட ஒரு மயிரிழை அதிகமாக வந்துவிட்டால், ஏகாஸ் கையை விரித்துவிடும். உள்ளே, இரண்டில் சிறியதை எடுக்கும் மின்(1, …) என்று ஒரு உறை போட்டால் தீர்ந்தது. மிக அருகருகே உள்ள இடங்களுக்கு ஹேவர்சைன் சூத்திரம் இன்னும் நல்லது.

இதே இரும எண் விவகாரத்தால்தான் சைன்(பை()) பூஜ்யமாக வருவதில்லை. புள்ளிக்குப் பின் பதினைந்து பூஜ்யங்கள், அப்புறம் 122 என்று ஒரு எண் வரும். அதை இஃப்-க்குள் வைத்து 'பூஜ்யமா?' என்று கேட்டால் இல்லை என்றே பதில். இதைவிட மோசம், 90 டிகிரிக்கு டேன் கேட்பது. பள்ளியில் 'வரையறுக்கப்படவில்லை' என்று எழுதினோம். எக்செல் பிழை காட்டாமல் பதினேழு இலக்க எண் ஒன்றை நீட்டும். பூஜ்யத்தோடு ஒப்பிட வேண்டிய இடங்களில் நான் ரவுண்ட்(…, 10) போட்டு, பத்துத் தசம இடங்களோடு நிறுத்திவிட்டுத்தான் ஒப்பிடுவேன்.

எக்ஸ், ஒய் இரண்டையும் கொடுத்தால் கோணம் தரும் ஏடேன்2-க்கு வருவோம். நிரல் எழுதுபவர்கள் அதிகமாக மாட்டிக்கொள்வது இங்கேதான். பைதான், சி, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் முதலில் ஒய், பிறகு எக்ஸ். எக்செல்லில் முதலில் எக்ஸ், பிறகு ஒய். கிழக்கே 3, வடக்கே 4 என்றால் எக்ஸ் அச்சிலிருந்து கோணம் 53.13 டிகிரி. வரிசையை மாற்றிக் கொடுத்தால் 36.87. இரண்டுமே நம்பும்படியான எண்கள்! இதில் வேடிக்கை என்னவென்றால், நில அளவையில் திசைக்கோணத்தை வடக்கிலிருந்து வலச்சுற்றாக அளப்பார்கள், அதற்குச் சரியான விடை 36.87-தான். அதாவது எக்செல்லில் =டிகிரீஸ்(ஏடேன்2(வடக்கு, கிழக்கு)) என்றே கேட்க வேண்டும். தவறாகப் போட்டுச் சரியான விடை வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன், காரணம் அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது. மேற்குப் பக்கத் திசைகளுக்கு மைனஸ் கோணம் வரும். வகுத்து மீதி தரும் மாட்(…, 360) போட்டால் மைனஸ் 90, 270 ஆகிவிடும். சி-யிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் மீதி காணும் குறி மைனஸ் 90-ஐ அப்படியே திருப்பித் தரும். எக்செல்லின் மாட் வகுக்கும் எண்ணின் குறியை எடுத்துக்கொள்வதால் இங்கே நமக்கு வசதி.

முக்கோணவியலைவிட்டு வெளியே வந்தால், என்னை அதிக நேரம் அலையவிட்டது ஒரு மைனஸ் குறி. =-2^2 என்று எக்செல்லில் அடித்துப் பாருங்கள். 4 வரும். கணக்குப் புத்தகத்தின்படி மைனஸ் 4. எக்செல் முதலில் மைனஸை எண்ணோடு ஒட்டிவிட்டு, பிறகுதான் அடுக்கைப் பார்க்கிறது. ஆனால் =0-2^2 என்றால் மைனஸ் 4 சரியாக வரும், ஏனென்றால் அங்கே அது கழித்தல். மணி வடிவ வளைவு வரைய =எக்ஸ்ப்(-ஏ2^2) என்று எழுதியிருந்தேன். ஏ2-இல் 3 இருந்தபோது 0.000123 வர வேண்டிய இடத்தில் 8103 வந்தது. வளைவு இறங்காமல் வானத்துக்குப் போயிற்று. =எக்ஸ்ப்(-(ஏ2^2)), அவ்வளவுதான் திருத்தம். ஒரு மாலை முழுக்க அதற்குப் போனது.

லாக் பற்றி ஒரு வரி: எக்செல் செல்லில் லாக் என்றால் பத்தடிமானம், இயற்கை மடக்கைக்கு எல்என். அதே எக்செல்லின் மேக்ரோவில் (எக்செல்லுக்குள் எழுதும் நிரலில்) லாக் என்றாலே இயற்கை மடக்கை. ரவுண்டும் இப்படித்தான். செல்லில் 2.5-ஐ முழு எண்ணாக்கினால் 3, மேக்ரோவில் 2.

கடைகளிலும் அலுவலகங்களிலும் தினமும் நடப்பது, ரவுண்டையும் செல் வடிவமைப்பையும் குழப்பிக்கொள்வது. தசமப் புள்ளியைக் குறைக்கும் பொத்தான் தோற்றத்தை மட்டுமே மாற்றும். 10.40, 10.40 என்று இரண்டு வரித்தொகைகள். பைசா தெரியாமல் மறைத்தால் 10, 10 என்று தெரியும், மொத்தம் மட்டும் 21 என்று நிற்கும். பில்லைக் கையில் வாங்கும் வாடிக்கையாளருக்குப் பத்தும் பத்தும் இருபதுதான், அவரிடம் செல் வடிவமைப்பைப் பற்றியெல்லாம் பேச முடியாது. ஒவ்வொரு வரியிலும் ரவுண்ட் செய்துவிட்டுக் கூட்டுவதா, கூட்டிய பிறகு ஒரே தடவை ரவுண்ட் செய்வதா என்பதை முன்பே முடிவு செய்து, பில் முழுக்க அந்த ஒரே முறையில் போங்கள்.

அப்புறம், கூட்டுத்தொகை குறைகிறது என்று யாராவது ஃபைலை அனுப்பினால் நான் முதலில் பார்ப்பது எண்கள் செல்லின் எந்தப் பக்கம் ஒட்டி நிற்கின்றன என்பதைத்தான். இடப்பக்கம் நின்றால் அது பெரும்பாலும் எண் இல்லை, எண் வேஷம் போட்ட எழுத்து. சம் அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். ஆனால் =ஏ2+ஏ3 என்று கேட்டால் அதையே எண்ணாக மாற்றிக் கூட்டிவிடும். ஒரே பத்தியை இரண்டு வழியிலும் கூட்டிப் பார்த்தால் போதும், வேஷம் கலைந்துவிடும்.